பத்து நிமிட வெள்ளை

மைத்துனன் அனுப்பிய வீடியோ நாற்பது விநாடி ஓடியது. அதில் முப்பத்தோராவது விநாடியில் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

அப்போது மாலை ஐந்தே கால். ஒன்பது மாடிக் குடியிருப்பின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். புறங்கையால் போனைத் தள்ளி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, பாத்தீங்களா? அஞ்சு ஸ்டார்! நம்மகிட்ட வாங்கினவர் கீழே என்ன எழுதியிருக்கார்னு படிங்க. 'தொணதொணன்னு கேள்வி கேக்காம உடனே கொடுத்தாங்க'ன்னு. நான் சொன்னேன்ல?"

"மாப்ளே, இந்த ஆளோட போன் நம்பர் இருக்கா?"

"நம்பரா? இமெயில்தான். எதுக்கு, தேங்க்ஸ் சொல்லவா?"

நான் வீடியோவை மறுபடி ஓட்டினேன்.

விடுமுறை வந்தால் வீட்டு முகப்பு முழுக்க விளக்கு கட்டி, அவற்றைப் பாட்டுக்கு ஆட வைக்கிற பைத்தியங்களில் நானும் ஒருவன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது விளக்கு. எங்களுக்கு அது கோப்பு. ஒரு பாட்டின் ஒவ்வொரு விநாடியையும் இருபது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஆயிரத்து இருநூறு விளக்குகளில் எது எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று சொல்லும் கோப்பு. மூன்றரை நிமிடப் பாட்டு ஒன்றுக்கு எனக்கு நான்கு மாதம் பிடித்தது. கட்டிலில் சாய்ந்தபடி, மடிக்கணினியில், மனைவியின் முறைப்பைத் தாண்டி.

ஒரு விளக்குக்குள் உண்மையில் மூன்று குட்டி விளக்குகள் இருக்கின்றன: சிவப்பு, பச்சை, நீலம். மூன்றும் சேர்ந்து எரிந்தால் வெள்ளை. ஆகவே வெள்ளைதான் மின்சாரத்தை அதிகம் தின்கிற நிறம். வயர் மெல்லியதாக இருந்தால் அவ்வளவு மின்சாரம் கடைசி விளக்குவரை போய்ச் சேராது, வழியிலேயே அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் முதலில் சோர்ந்துபோவது நீலமும் பச்சையும். சிவப்புக்குக் கொஞ்சம் போதும், அது தாக்குப்பிடிக்கும். அதனால் வரிசையின் தொடக்கத்தில் பளிச்சென்று வெள்ளையாக இருப்பது, போகப்போக மஞ்சளாகி, கடைசியில் ஆரஞ்சாகிவிடும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் வழியில் குறைந்த அந்த மின்சாரம் எங்கும் தொலைந்து போவதில்லை. வயருக்குள் சூடாக உட்கார்ந்திருக்கிறது.

வீடியோவின் முப்பத்தோராவது விநாடியில், என் பாட்டு உச்சத்துக்குப் போய் வீடு முழுவதும் வெள்ளையாக வெடிக்கும் இடத்தில், கூரையின் வலது ஓரம் ஆரஞ்சாக இருந்தது. வெறும் ஆரஞ்சு இல்லை, செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில். விளக்குகளை மாட்டியிருந்த வராந்தாவின் கூரை மரம்.

வீடியோவின் கீழே அவரே எழுதியிருந்தார்: 'இது சும்மா டெஸ்ட். இன்னிக்கு ஆறரையிலிருந்து எட்டரை வரை நிக்காம ஓடும். டைமர் வச்சாச்சு.'

நாற்பது விநாடியில் வயர் சூடாக நேரமில்லை. இரண்டு மணி நேரம் வேறு கதை.

என் தவறு என்னவென்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பைப் படித்து விளக்குகளை ஆட்டுவிக்கும் என் வீட்டுக் கண்ட்ரோலரில் வெளிச்சத்தை முப்பது சதவீதத்துக்குக் கட்டிப் போட்டிருக்கிறேன். ஆறு வருடமாக அது அங்கேயே இருப்பதால், அது இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. கோப்புக்குள் எல்லாமே நூறு. இலவசமாகக் கொடுத்த காலத்தில் இதனால் ஒரு கேடும் வரவில்லை. ஏனென்றால் எங்கள் விளக்குப் பைத்தியங்களின் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கோப்பு கேட்பவர் முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு எல்லா விளக்கையும் பத்து நிமிடம் வெள்ளையாக எரியவிட்டு, வயர்மேல் கை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயரே 'பத்து நிமிட வெள்ளை'.

அந்தப் பத்து நிமிடத்தில் எப்படியும் பேச்சு வந்துவிடும். "அண்ணே, வயர் சுடுது." "பிரைட்னஸ் எவ்வளவு?" "நூறு." "அடப்பாவி, முப்பதுக்கு இறக்கு." அவ்வளவுதான், முடிந்தது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் ஒரு அக்கா. யார் எதைக் கேட்டாலும் "ஃபியூஸ் போட்டாச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அதனால் அவர் பெயரே ஃபியூஸக்கா ஆகிவிட்டது. அவருடன் நான் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

போன வருடம் என் கோப்பை யாரோ பெயரை அழித்துவிட்டு வேறொரு தளத்தில் விற்றார்கள். மைத்துனன்தான் கண்டுபிடித்தான். "நீங்க என்ன அன்னசத்திரமா நடத்துறீங்க மாமா? ஊரான் விக்கிறான், உழைச்ச நீங்க வித்தா என்ன?" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்றும் படுகிறது. குழுவில் அதைச் சொன்னபோது அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: "வித்துக்கோ. ஆனா கேள்வி கேப்பியா?"

"காசு கொடுக்கிறவனைப் பிடிச்சு பரீட்சை எழுதச் சொல்ல முடியுமா அக்கா?" என்றேன். குழுவில் நாலு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் குழுவை விட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நாற்பத்தாறு பேர் வாங்கியிருந்தார்கள். அதில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

அக்காவுக்குப் போன் அடித்தேன். கட் செய்தார். மறுபடி அடித்தேன்.

"கடையில ஆள் இருக்காங்க. சொல்லு."

"அக்கா, ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன். திட்டுறதைப் பிறகு திட்டுங்க. இந்த வீடு யார் வீடுன்னு குழுவுல யாருக்காவது தெரியுமான்னு..."

மறுமுனையில் லென்ஸ் இயந்திரம் கிர்ரென்று சுற்றுவது கேட்டது. பிறகு அது நின்றது.

"டாக்ஸி ஓட்டுறவர் வீடு," என்றார். "மூணு வாரம் முன்னாடி என்கிட்டதான் முதல்ல வந்தார். வீடும் வயரும் போட்டோ கேட்டேன். அனுப்பினார். காலிங் பெல்லுக்குப் போடுற வயர், தம்பி. நூல் மாதிரி இருக்கு. நானே வந்து மாத்தித் தரேன்னு அட்ரஸ் வாங்கினேன். ரெண்டு நாள் கழிச்சு, வேண்டாங்க, கேள்வி கேக்காத ஆள் கிடைச்சாச்சுன்னு எழுதினார்."

நான் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தேன்.

"அது நீதானா?"

"நான்தான்."

"ஃபியூஸும் கிடையாது அங்க. இரு, அவர் நம்பர் இருக்கு, போட்டுப் பாக்கிறேன்." அரை நிமிடம் கழித்து மறுபடி வந்தார். "சுவிட்ச் ஆஃப். சவாரியில இருக்கார் போல. தம்பி, இன்னொண்ணு கேளு. அவர் மனைவி நர்ஸு. நைட் டியூட்டி. முன் ரூம்லதான் தூங்குவாங்க, எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாங்களாம். அதனால பாட்டை ஸ்பீக்கர்ல வைக்க மாட்டேன், கார் ரேடியோவுல கேக்கிற மாதிரிதான் வைப்பேன்னு என்கிட்ட பெருமையா எழுதினார்."

"ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிடலாமா?"

"என்னன்னு சொல்லுவே? இன்னும் எரியவே இல்லை, ஆனா வெள்ளை ஆரஞ்சாத் தெரியுதுன்னா? வண்டியை எடு. வழியில என்னை ஏத்திக்கோ."

கிளம்ப நினைத்தவுடன் கிளம்பிவிட முடியாது. பிரேக் கழற்றிய லிஃப்டை அப்படியே விட்டுவிட்டுப் போனால் நான் மெக்கானிக் இல்லை, கொலைகாரன். பிரேக்கைப் பூட்டி, மெயினை அணைத்து, ஒன்பது மாடிக் கதவுகளிலும் 'லிஃப்ட் ஓடாது' பலகை மாட்டிக்கொண்டே இறங்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். "சார், எட்டாவது மாடி அம்மா மளிகையோட நிக்கிறாங்க. நீங்க தூக்கிட்டுப் போறீங்களா?" கைக்கு அடியில் குனிந்து ஓடினேன்.

அக்கா கடை வாசலில் ஒரு கையில் தடித்த வயர் சுருளும் இன்னொரு கையில் கருவிப் பையுமாக நின்றிருந்தார். ஏறி உட்கார்ந்தார். நான்கு சிக்னல்வரை டாக்ஸிக்காரருக்குப் போன் அடிப்பதும், காதில் வைப்பதும், இறக்குவதுமாக இருந்தார்.

"பவர் சப்ளை எவ்வளவு பெரிசு?" என்று நான்தான் கேட்டேன்.

"பெரிசு. பெரிசு போட்டா பத்திரம்னு நினைச்சுட்டார். சின்னதா இருந்திருந்தாலாவது தாங்காம அணைஞ்சு போயிருக்கும். இது கேக்கிற மின்சாரத்தையெல்லாம் கொடுக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்தக் கேள்வியை நீ அவர்கிட்ட கேட்டிருக்கணும். என்கிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்?"

ஆறு முப்பதுக்கு நாங்கள் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். கேட் திறந்தபோது ஆறு முப்பத்தெட்டு.

தெருவுக்குள் திரும்பியதும் என் பாட்டு கண்ணுக்குத் தெரிந்தது. ஏழெட்டு கார்கள் ஓரமாக நின்றிருந்தன. ஒவ்வொன்றின் ரேடியோவிலிருந்தும் அதே பாட்டு சன்னமாகக் கசிந்தது. குழந்தைகள் கார் ஜன்னல்களில் இடுப்புவரை வெளியே தொங்கினார்கள். நான் நான்கு மாதம் உட்கார்ந்து செதுக்கிய அலை, அந்த வீட்டின் தூணில் ஏறி, கூரையில் ஓடி, மறுபக்கம் இறங்கியது. ஒரு நொடி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு உச்சம் வந்தது. வீடு வெள்ளையாக வெடித்தது. வலது ஓரம் வெள்ளையாகவில்லை. ஆரஞ்சாகவும் இல்லை. பழுப்பு.

வண்டியை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு ஓடினேன். முழங்கால் உயர வேலி, தாண்டினேன். வராந்தாவில் நுழைந்ததும் மூக்கில் ஏறியது அந்த வாசனை. பிளாஸ்டிக் இளகும்போது வருகிற, தித்திப்பான, தொண்டையை அடைக்கிற வாசனை. கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் தொட்டிக்குக் கீழே கையை விட்டுத் துழாவி, பிளக்கைப் பிடுங்கினேன்.

வீடு இருண்டது. தெருவில் ஹாரன்கள் கிளம்பின.

"யோவ்! யாருய்யா அது? கரண்ட் பில் கட்டலையா?"

"அம்மா, அந்த அங்கிள் கெடுத்துட்டார்!"

அக்கா டார்ச் அடித்தார். கூரைப் பலகையில் ஆணி வைத்து இறுக்கியிருந்த இடத்தில் வயரின் தோல் மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி தொங்கியது. அதன் பின்னால் மரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, கரும்பழுப்பில் ஒரு கோடு.

கதவு திறந்தது. கலைந்த தலையும் தூக்கம் கப்பிய கண்களுமாக ஒரு பெண் நின்றார்.

"யாருங்க நீங்க? என் வீட்ல என்ன பண்றீங்க?"

"உங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பாட்டுக் கோப்பை வித்தது நான்தாங்க."

"வித்தவரா? அப்ப எதுக்கு அணைக்கிறீங்க?"

மேலே கை காட்டினேன். அவர் எட்டி, அந்தக் கோட்டை விரலால் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார். நுனி கறுப்பாக இருந்தது. வராந்தாச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கட்டில். ஜன்னல் திரை காற்றில் வெளியே வந்து வந்து போனது.

"மூணு வாரமா இதே பேச்சுதான் அவருக்கு," என்றார் மெதுவாக. "ஒருத்தங்க ரொம்பத் தொல்லை பண்றாங்க, இன்னொருத்தர் நல்லவர், டக்குன்னு கொடுத்துட்டார்னு."

"தொல்லை பண்ணினது நான்தாம்மா," என்றார் அக்கா, பையைத் திறந்துகொண்டே. "ஏணி இருக்கா வீட்ல? தம்பி, நிக்காதே. அந்தப் பக்கம் பிடி."

ஏணியின் நாலாவது படியில் நிற்கும்போது மைத்துனனுக்கு அடித்தேன்.

"மாப்ளே, விக்கிற பக்கத்தை இப்பவே மூடு. மத்த நாற்பத்தஞ்சு பேருக்கும் எழுது. இன்னிக்கு யாரும் போடக் கூடாது. போட்டிருந்தா பிடுங்கணும்."

"மாமா, காசைத் திருப்பிக் கேட்டா?"

"கொடு. ஆனா மூணு கேள்வியும் சேர்த்து அனுப்பு. எழுதிக்கோ. வயர் எவ்வளவு தடி? பவர் சப்ளை எவ்வளவு பெரிசு?" அதற்குமேல் கீழே நின்ற அக்காவைப் பார்த்தேன்.

"ஃபியூஸ் போட்டாச்சா?" என்றார் அக்கா கீழேயிருந்து.

"யாரு மாமா அது?" என்றான் மைத்துனன்.

"எழுதுடா."

வயர் மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. நான் கண்ட்ரோலரைத் திறந்து நூறை முப்பதாக்கினேன். அக்கா ஃபியூஸைச் செருகிவிட்டு, எல்லா விளக்கையும் வெள்ளையாகப் போட்டார். இந்த முறை வலது ஓரம்வரை வெள்ளை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தன் கையை வயரின் மேல் வைத்தார். நர்ஸ் கேட்காமலே வந்து பக்கத்தில் கை வைத்தார். நோயாளியின் நெற்றியில் வைப்பதுபோல, புறங்கையை.

"உன் கை எங்க?" என்றார் அக்கா என்னிடம்.

வைத்தேன். வயர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆறாவது நிமிடத்தில் நர்ஸ், "போதும்ல?" என்றார்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்குங்க," என்றேன்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு விடாமல். நாற்பத்தைந்து பேரில் யாரோ பதில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். பையைத் தொட்ட என் இடது கையைப் பார்த்துவிட்டு, அக்கா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்தக் கை சும்மாத்தானே இருக்கு. எடுத்துப் படி. சத்தமாப் படி."