முக்காடு போட்ட பறங்கி

நான் கோபக்காரன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. திருகோணமலையிலிருந்து ஐந்து சோதனைச்சாவடிகளில் நாடகப் பெட்டியைத் திறந்து காட்டி, ஒரு மரவாளையும் பறிகொடுத்து, சல்லிக் கிராமத்துக்கும் அப்பால் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் சைக்கிள் மிதித்தது அதிபரிடம் பேச்சு வாங்க அல்ல.

"முகத்தை மூடிக்கொண்டு நடிக்க ஏலாது, பற்றிக் மாஸ்டர்," என்றார் அதிபர் கனகரத்தினம். "போன மாசச் சுற்றிவளைப்பு தெரியும்தானே. அந்தத் தலையாட்டியை ஊர் இன்னும் தேடுது. பிடிபட்டால் உயிரோட விடமாட்டினம்."

தெரியும். சாக்கால் முகம் மூடிய ஒருவனை ஆமி கொண்டுவந்து இருத்தியது. ஊரே அவனுக்கு முன்னால் வரிசையில் நடந்தது. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவர்கள் திரும்பி வரவில்லை. அதற்கும் கோணேசர் கோயில் இடிந்த கதைக்கும் என்ன சம்பந்தம்? புத்தாண்டு நாளில் போர்த்துக்கேயப் பறங்கியர் ஐயர் வேடத்தில் கோயிலுக்குள் புகுந்ததாக எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். முக்காடு விலகிப் பறங்கியின் தாடி தெரியும் இடத்தில்தான் என் நாடகத்தின் உயிரே இருக்கிறது.

"நீங்கள் கணக்குப் படிப்பியுங்கோ," என்றேன். "சேர்ச்சுக்குப் போற ஒரு வேதக்காரன் உங்கட கோயில் கதையைச் சொல்ல வந்திருக்கிறன். நன்றி சொல்லாட்டிலும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

அவர் கதிரையை இழுத்து எனக்கு முதுகைக் காட்டி இருந்தார்.

வேப்பமரத்தடியில் அறுபது பிள்ளைகள். எனக்கு வெள்ளை வேட்டி, பூணூல், கண் மட்டும் தெரிய முக்காடு. வந்து மர வாங்கில் உட்கார்ந்தேன்.

முன்வரிசை எழும்பியது. நான் அப்படி ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக வந்து, என் முன்னால் நின்று, முகத்தை நிமிர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்தது. ஒன்றும் அழவில்லை. தும்மினாலும் தலை அசைந்துவிடுமே என்று எனக்குக் கழுத்து விறைத்தது.

ஒன்பது வயதுக் குணேஸ்வரி நகரவில்லை.

"எங்கட அண்ணாவுக்கு ஏன் தலையாட்டினனீங்கள்?"

முக்காட்டைப் பிடுங்கி எறிந்தேன். "இஞ்ச பார், பிள்ளை. நான் பற்றிக் மாஸ்டர். இது நாடகம். அந்த ஆள் நானில்லை."

அவள் என் முகத்தை அவசரப்படாமல் ஆறுதலாகப் பார்த்தாள்.

"அவற்ற முகத்தை ஒருத்தரும் காணேல்லையே," என்றாள். "நீங்கள் இல்லையெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

வேலிக்கு வெளியே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஆண்கள் எழும்பினார்கள். ஒருவன் வேலிப் படலையைச் சாத்தினான். நான் அதிபரைப் பார்த்தேன். எனக்காக ஒரு சொல் சொல்லக்கூடியவர் அங்கே அவர் ஒருவர்தான்.

அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.