கத்துங்க சிஸ்டர்

வீரம்மாளின் கைக்கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் அந்த வார்டே காதைப் பொத்திக்கொள்ளும். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறையில், சூளையில் வேலை பார்க்கையில் முழங்கை வரை வெந்துபோயிருந்தது அவளுக்கு.

"என்னாத்துக்கு இந்தக் கூப்பாடு? ரெண்டு புள்ளய வாயத் தொறக்காம பெத்தவ நானு. பல்லக் கடிச்சிக்கிட்டு இரு" என்று அதட்டியபடியே கட்டு மாற்றுவார் நர்ஸ் கொளஞ்சியம்மாள்.

கெட்டவர் இல்லை. வீரம்மாளுக்குத் தலை வாரிவிடுவதும், தன் சோற்றில் பாதியை ஊட்டிவிடுவதும் அவர்தான். கட்டு மாற்றுவதற்கு முன் வலிக்கு ஊசி போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போட்டால் பழக்கமாகிவிடும் என்று பயந்து இவர்தான் போடவில்லை.

சுனாமிக்கு மறு வருஷக் கோடை அது. வார்டில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். சிறுநீரகக் கல். "ஐயோ, உயிரு போவுதே!" என்று அவர் போட்ட அலறல் வாசல் வரை கேட்டது. எல்லோரும் பார்ப்பது உறைத்ததும் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

வீரம்மாள் கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். நல்ல கையால் கைக்குட்டையை உருவிப் போட்டுவிட்டு, அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கத்துங்க சிஸ்டர். இங்க ஒங்கள யாரு திட்டப் போறாங்க?"

டாக்டர் போட்ட ஊசி வேலை செய்த பிறகுதான் மூச்சே வந்தது. "மறுபடி வலிச்சா போடுவீங்கல்ல டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, தன் வாயிலிருந்தா இது வந்தது என்று திகைத்தார் கொளஞ்சியம்மாள்.

"தயங்காம கேளுங்க. வலிக்கு அளவோட, சில நாளைக்குப் போட்டா பழக்கமாயிடும்னு பயப்பட வேணாம்."

கொளஞ்சியம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக வீரம்மாளுக்கு ஊசி போட்டார். மருந்து வேலை செய்யும் வரை பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். பிறகு கட்டை நனைத்து, மெல்ல மெல்லப் பிரித்தார்.

"வலிக்குதா? நிறுத்தட்டுமா?"

"தேவலாம் சிஸ்டர், செய்யுங்க."

பார்க்க வந்திருந்த அவள் கணவன் சாமிதுரை சிரித்தான். "அவ சும்மாவே ஊரக் கூட்டுறவ. அவளப் போயி கேக்குறீங்களே!"

"அவளத்தான் கேக்கணும்ங்க" என்றார் கொளஞ்சியம்மாள், கைக்கட்டின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "வலி எவ்வளவுன்னு வலிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அவங்க சொல்றத நம்பி, மருந்து குடுத்துத் தணிக்கிறதுதான் எங்க வேல. தாங்கிக்கன்னு அதட்டுறது வைத்தியமில்ல. இத்தன வருஷ சர்வீஸுல தெரியாதத, தரையில உருண்டப்பதான் தெரிஞ்சிக்கிட்டேன்."