மதாயோ மேளம் பழகியது

மதாயோ அத்தானுக்கு நாற்பத்தேழு வயது முடிந்த மாதத்தில், பசிபிக் தீவான ராரோடோங்காவில், தித்திகவேகா ஊர் மண்டபத்தில் இருபத்தெட்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் போய் மோதிக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த குரா அக்காவின் தலைப்பூ வளையம் பறந்து ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. காரணம் அத்தான்தான்.

குரா எனக்குப் பெரியம்மா மகள், மதாயோ அத்தான் அவள் கணவர். அந்த ஊர் ஆட்டக் குழுவை நடத்துகிறவள் அவள். மேளக் குழுவுக்குத் தலைவன் அவளுடைய தம்பி தெரே. அன்றைக்கு மாலை ஒத்திகையில் பெரிய தோல்மேளம் அடிக்கிறவருக்குக் காய்ச்சல். தெரே சுற்றுமுற்றும் பார்த்தான். மூலையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அத்தானைக் கூப்பிட்டான்.

"மச்சான், வா, உக்காரு. ஒண்ணும் பெரிய வேலை இல்ல. டும், டும், டும். அவ்வளவுதான்."

அத்தான் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தார். முதல் நான்கு டும் ஒழுங்காகத்தான் வந்தது. அப்புறம் பெண்கள் இடுப்பை அசைக்க ஆரம்பித்ததும் அவருக்குப் பதற்றம் வந்துவிட்டது. டும்டும்டும் என்று வேகமெடுத்து ஓடினார். பின்வரிசை மேளத்தோடு ஓடியது. முன்வரிசை பழைய வேகத்திலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் அந்த மோதல்.

குரா அக்கா எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "யோவ், அது மேளம். பூட்டின கதவு இல்ல. உள்ள யாரும் தூங்கல."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அத்தானும் சிரித்தார். ஆனால் அவருக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அங்கே பெட்டிகளை எடைபோடும் இடத்தில் இருக்கிறேன். அவர் அவற்றை விமானத்தில் ஏற்றுகிறவர்.

அவர் பிறந்தது ராரோடோங்காவில்தான். ஆனால் நான்கு வயதில் அப்பா அம்மாவோடு நியூசிலாந்து போனவர். டோக்கொரோவாவில் மரக்கூழ் ஆலையில் இருபத்தைந்து வருடம் வேலை. அங்கேயும் நம் தீவு ஆட்கள் மேளம் அடிக்காமல் இல்லை. இவர் ரக்பி பக்கம் போய்விட்டார். குரா அக்காவோடு தீவுக்குத் திரும்பி வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இங்கே நடக்கப் பழகும் குழந்தையே பால் டின்னில் தாளம் தட்டும். வருடந்தோறும் ஊர்கள் போட்டி போட்டு ஆடும் திருவிழாவுக்கு அத்தான் செய்ததெல்லாம் சேப்பங்கிழங்கு உரிப்பது, ஒலிபெருக்கி தூக்குவது, பாத்திரம் கழுவுவது. "எங்க வீட்டுக்காரர் பாத்திரத்தைத்தான் நல்லா தட்டுவாரு" என்று குரா அக்கா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் நாள், ஆக்லாந்து விமானம் கிளம்பிப் போனபிறகு, அத்தான் புனாவிடம் போய் நின்றார். புனா அவரோடு பெட்டி ஏற்றுகிறவன். அவரைவிட ஒன்பது வயது சின்னவன். அரோராங்கி ஊரின் முதன்மை மேளக்காரன். தீவிலேயே அவனைப் போல் பாதே அடிக்க ஆள் குறைவு. பாதே என்றால் மரக்கட்டையைக் குடைந்து செய்வது. இரண்டு சவுக்குக் குச்சியால் அடித்தால் சத்தம் மலைவரைக்கும் போகும்.

"புனா, எனக்கு மேளம் கத்துக் குடுப்பியா?"

புனா சுற்றிலும் பார்த்தான். "அண்ணே, நான் அரோராங்கி. நீங்க தித்திகவேகா. திருவிழாவுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. எங்க குழுவைப் பாத்துக்கிற அத்தைக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சுத் தொங்க விட்ருவாங்க."

"உங்க ஊர் அடி எதுவும் வேணாம்டா. சும்மா கை பழகணும். எங்க ஊர்ல கேட்டா சிரிக்கிறாங்க."

"நானும்தான் சிரிப்பேன்."

"நீ சிரி. பரவாயில்ல."

அப்படித்தான் தொடங்கியது. ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவில் எங்களுக்குச் சில நேரம் இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்கும். அங்கே மேளம் ஏது? ஐஸ் பெட்டிகள்தான் இருந்தன. இந்தத் தீவிலிருந்து ஆக்லாந்து போகிற எவரும் பெட்டி நிறைய மீனும் கிழங்கும் கொண்டுபோகாமல் போனதில்லை. நிறைந்த பெட்டி தோல்மேளம் மாதிரி அடங்கி ஒலிக்கும். காலிப் பெட்டி பாதே மாதிரி கத்தும். புனா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"வலது, வலது, இடது, வலது. எங்க, அடிங்க."

அத்தான் அடித்தார். வலது, இடது, வலது, வலது.

"அண்ணே, உங்க ரெண்டு கைக்கும் சண்டையா?"

அத்தானுடைய வழக்கம், உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது. ஆலையில் இயந்திரத்துக்கு முன்னால் நின்று பழகிய எண்ணிக்கை. புனா அவர் வாயைப் பொத்தினான்.

"எண்ணாதீங்க. அடியை வாயால சொல்லுங்க. டாக்கிடி டாக், டாக்கிடி டாக். வாய்ல வந்துச்சுன்னா கைல வந்துடும்."

அதற்குப் பிறகு அத்தான் எங்கே போனாலும் வாயில் டாக்கிடி டாக்தான். பெட்டி தூக்கும்போது, வண்டி ஓட்டும்போது, குளிக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஜெபத்தின் நடுவில் ஒருமுறை சத்தமாக வந்துவிட்டதாம். குரா அக்கா விலாவில் இடித்த இடியில் ஆமென் சேர்ந்து வந்தது.

ஒரு நாள், விமானத்துக்குக் காத்திருந்த ஒரு வயதான அம்மாவின் பெட்டியிலேயே அடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னிடம் சீட்டு வாங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, உள்ள இருக்கிறது செத்த மீனு. நீ எழுப்பிவிட்டுடாதே."

அத்தான் வெட்கப்பட்டு எழுந்தார். அவள் அவரை மறுபடி உட்காரச் சொன்னாள். "அடி, அடி. விமானம் வர நேரம் இருக்கு. ஆனா இடது கை தூங்குது பாரு. அதை முதல்ல எழுப்பு." அப்புறம் அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு சுற்று ஆடிக் காட்டினாள். வரிசையில் நின்ற வெளியூர்க்காரர்கள் படம் எடுத்தார்கள். அத்தான் முகத்தை மூடிக்கொண்டார். கையை மட்டும் நிறுத்தவில்லை.

ஐந்து வாரத்தில் இடது கை எழுந்தது. ஒரு வியாழக்கிழமை, புனா அடிக்க அடிக்க அத்தான் கூடவே போனார். எங்கேயும் தடுக்கவில்லை. அடித்து முடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புனா தன் சவுக்குக் குச்சிகளை அவர் கையில் வைத்தான். அத்தான் அன்று முழுக்க அவற்றைப் கால்சட்டையின் பின்பையில் சொருகிக்கொண்டே பெட்டி ஏற்றினார்.

அன்று மாலை தித்திகவேகா ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். நான் மதாவேரா ஊர் என்றாலும் குரா அக்காவுக்குப் பூமாலை கட்ட ஆள் தேவைப்பட்டது, கேட்டதை வெளியே விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இடைவேளையில் அத்தான் எழுந்து தெரேயிடம் போனார்.

"மாப்ள, ஒரு நிமிஷம் அந்த பாதேயைக் குடு."

"எதுக்கு மச்சான்? கழுவவா?"

மறுபடி சிரிப்பு. அத்தான் கண்டுகொள்ளவில்லை. உட்கார்ந்தார், குச்சிகளை எடுத்தார், அடித்தார்.

நான் கட்டிக்கொண்டிருந்த மாலையை விட்டுவிட்டேன். ஐஸ் பெட்டியில் கேட்டதையே நிஜமான மரத்தில் கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. டாக்கிடி டாக் போய், நடுவில் மூச்சு வாங்கி, சறுக்கி, திரும்பிவந்து விழுந்தது. மண்டபத்தில் யாரும் அசையவில்லை. குரா அக்காவின் இடுப்பு அவளுக்கே தெரியாமல் லேசாக ஆட ஆரம்பித்தது.

அப்போது தெரே துள்ளி எழுந்தான். "நிறுத்து! நிறுத்து மச்சான்! இது அரோராங்கியோட அடி! இந்த வருஷம் அவங்க மேடை ஏத்தப்போற அடி!"

அத்தான் குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டு விழித்தார். ஊருக்கு ஊர் புது அடி கட்டுவார்கள். திருவிழா நாள்வரை அதை வெளியில் விடமாட்டார்கள். ஒருத்தன் பன்றியைத் திருடினால்கூட மன்னித்துவிடுவார்கள், அடியைத் திருடினால் மன்னிக்க மாட்டார்கள். எல்லோர் முகமும் இறுகியது. அத்தான் குச்சிகளைக் கீழே வைத்தார். பிறகு அவர் நிதானமாகக் கேட்டார்:

"சரி மாப்ள. அது அரோராங்கி அடின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தெரே கதவுப் பக்கம் பார்த்தான்.

குரா அக்கா மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள். "ஆமா, சொல்லு. உனக்கு எப்படித் தெரியும்?"

"அது... அந்தப் பக்கம் போனேன்... பைக்ல பெட்ரோல் தீர்ந்துபோச்சு..."

"எங்க தீர்ந்துச்சு?"

"அவங்க மண்டபத்துக்குப் பின்னாடி."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

முதலில் சிரித்தது பின்வரிசையில் ஒரு பெண். பிறகு மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி ஆகிவிட்டது. குரா அக்கா தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். "ஒருத்தன் வேலைக்குப் போன இடத்துல திருடுறான், ஒருத்தன் பெட்ரோல் தீர்ந்து திருடுறான். நான் மானத்தோட எங்க போய் ஆடுறது?"

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகப் புனாவிடம் சொல்லிவிட்டார். புனா தலையில் கை வைத்துப் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"அய்யோ அண்ணே. நான் வேணும்னு சொல்லித் தரல. ரெண்டு மாசமா என் கைல வேற எதுவுமே இல்ல. அதான் வந்திருக்கு."

"எங்க ஊர்ல யாரும் அதைத் தொட மாட்டாங்க. குரா எல்லார்கிட்டயும் வாக்கு வாங்கிட்டா. நானும் மறந்துடுறேன்."

"எப்படி மறப்பீங்க? கத்துக்கவே அஞ்சு வாரம் ஆச்சு!" என்று சொல்லிவிட்டுப் புனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவன் அடியின் நடுப்பகுதியை மாற்றிக்கொண்டான். மாற்றியது முன்னதைவிட நன்றாக இருந்தது என்று அவன் அத்தை பாராட்டினாளாம். ஏன் மாற்றினான் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

தெரே அத்தானுக்குப் பெரிய தோல்மேளத்தையே கொடுத்தான். அதுவரை அடித்தவர் காய்ச்சலுக்குப் பிறகு தோள் வலிக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டார். அத்தானுக்கு முதலில் ஏமாற்றம்தான்.

"பழகினதெல்லாம் வீணா மாப்ள? மறுபடி டும் டும்தானா?"

"மச்சான், நாங்க எல்லாரும் அடிக்கிறதும் ஆடுறதும் உன் டும் மேலதான். நீ ஓடினா எல்லாரும் விழுவோம். அன்னைக்குப் பாத்தியே."

மூன்று வாரம் அதே டும்தான். வேகமாகாமல் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது என்று அத்தான் என்னிடம் சொன்னார். ஆட்டம் சூடு பிடிக்கும், பக்கத்தில் பாதே பறக்கும், கூட்டம் கத்தும்; இவர் கை மட்டும் ஓடக்கூடாது. வேர்த்து ஊற்றும். மூன்று வாரத்தில் நான்கு கிலோ குறைந்தார்.

திருவிழாவில் அவர்கள் முறை சனிக்கிழமை மதியம் வந்தது. அரங்கில் உட்கார இடமில்லை. எங்கள் மதாவேரா குழு முந்தைய நாளே ஆடி முடித்திருந்ததால் நான் முன்பக்கம் இடம் பிடித்திருந்தேன். தித்திகவேகா பெண்கள் மஞ்சள் பூ வளையத்தோடு இறங்கினார்கள். அத்தான் மேளத்துக்குப் பின்னால் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

ஆட்டம் பாதியைத் தாண்டியிருக்கும். தெரே வலது கையை ஓங்கினான். குச்சி வழுக்கிப் பறந்தது. நேராகப் போய்ப் பார்வையாளர் முன்வரிசையில் இருந்த போதகரின் மடியில் விழுந்தது. மாற்றுக் குச்சியை எடுக்கக் குனிந்த தெரே அவசரத்தில் அதையும் காலால் தள்ளிவிட்டான். அவனைப் பார்த்து அடிக்கிற மற்ற இரண்டு பாதேக்காரர்களும் திகைத்து நின்றுவிட்டார்கள்.

டும். டும். டும். டும்.

அது மட்டும்தான் இருந்தது. நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: ஓடிடாதீங்க அத்தான், ஓடிடாதீங்க. அவர் ஓடவில்லை. தெரேயைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் முதுகைக் காட்டி ஆடிக்கொண்டிருந்த தன் மனைவியின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குரா அக்கா திரும்பவே இல்லை. அந்தத் தனி மேளத்தில் இருபத்தெட்டு பேரும் ஒரே ஆளாக அசைந்தார்கள். அதுவரை கத்திக்கொண்டிருந்த கூட்டம் அமைதியாகிவிட்டது. தரையில் வெறுங்கால் படும் சத்தம் கேட்டது. தெரே தவழ்ந்து போய்க் குச்சியை எடுத்து மறுபடி உள்ளே நுழைந்தபோது, அதெல்லாம் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

அரோராங்கி வரிசையிலிருந்து ஒரே ஒருவன் மட்டும் நாற்காலிமேல் ஏறி விசில் அடித்தான். அவன் அத்தை அவன் சட்டையைப் பிடித்து இறக்கினாள்.

முதல் பரிசு எங்கள் மதாவேராவுக்கு. அதைச் சொல்லாமல் விடமாட்டேன். தித்திகவேகாவுக்கு மூன்றாவது. தெரேயின் குச்சி பறந்த இடத்தை நடுவர்கள் புதுமை என்று எழுதியிருந்தார்களாம். அவன் அதை இன்னும் மறுக்கவில்லை.

தித்திகவேகா திரும்பும் லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். குரா அக்கா அத்தானுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கால் கட்டைவிரலில் ரத்தம் கட்டியிருந்ததைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மேளம் நின்னு போச்சுன்னு எப்போ தெரிஞ்சுது உனக்கு?" என்று அத்தான் கேட்டார்.

"எங்க நின்னுச்சு?" என்றாள் அவள். "நீ அடிச்சிட்டுத்தானே இருந்தே."

அத்தான் வெளியே பார்த்தார். தென்னைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவர் முகம் சிவந்துபோனதைப் பார்த்து லாரியில் இருந்த பெண்கள் ஓ என்று கூச்சலிட்டார்கள். குரா அக்கா அவர்களை அதட்டினாள். பிறகு, வீடு போனதும் அத்தனை பேருக்கும் சோறு உண்டு, ஆனால் பாத்திரத்தைத் தெரேதான் கழுவ வேண்டும் என்று அறிவித்தாள்.