பச்சை யானை இருந்த தெரு

1

மனைவி கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், உரித்த ஆரஞ்சுத் தோலை அவருடைய சட்டைப்பைக்குள் போட்டது. கார் ஓடிக்கொண்டிருந்தது, குப்பைத்தொட்டி இல்லை, அவர் இருந்தார். பத்து நாள் கழித்து அவள் இல்லை.

ஆனால் கதை அங்கே பிறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு வயதுப் பேரன் நேற்று ஒரு கேள்வி கேட்டான். அதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

(‘அவர்’ நான்தான். ‘நான்’ என்று எழுதினால் பொய் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ‘அவர்’ என்றால் தாராளமாகச் சொல்லலாம்.)

2

முதல் முயற்சி: விடுமுறைக் கால விளக்குகள் நகரமெங்கும் நட்சத்திரங்களைப் போல

வேண்டாம். அவர் முப்பத்தெட்டு வருஷம் எலக்ட்ரீஷியன். விளக்கு அவருக்கு விளக்கு மாதிரிதான் தெரியும்.

இரண்டாம் முயற்சி: போன வருஷம் ஒரு குடும்பம் விளக்கு பார்க்கக் கிளம்பியது. மகள் ஓட்டினாள். முன்னால் அவர். பின்னால் பேத்தி, பேரன், நடுவில் மனைவி. அலங்கரித்த ஒவ்வொரு வீட்டின் முன்னும் கார் நின்றது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவர் குறை கண்டுபிடித்தார்.

“இந்த ஜாயின்ட்ல டேப் சரியா சுத்தல. அந்த மரத்துல பாதி சரம் எரியல, பாத்தீங்களா?”

“பரீட்சை பேப்பர் திருத்தவா வந்தீங்க?” என்றாள் மனைவி. “சும்மா பாத்துட்டு வாங்க.”

இது இருக்கட்டும்.

3

அடுத்து நடந்ததை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். தோள் வழியாக எட்டிப் படித்துக்கொண்டிருக்கும் பேத்தி விடமாட்டேன் என்கிறாள்.

பெரிய சாலையின் முனையில் அவர், “நிறுத்தும்மா” என்றார். எதிரே மஞ்சள் விளக்குகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எரிந்தன, மொத்தமாக அணைந்தன, மறுபடி முதலிலிருந்து எரிந்தன.

“இது வேலை. ஒரே அளவு இடைவெளி. ஒரு பல்புகூடப் போகல. செஞ்சவன் தொழில் தெரிஞ்சவன்.”

பேரன் கைதட்டினான். மகள் மூன்று படம் எடுத்தாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், பளபளக்கும் சட்டை போட்ட சாலைப் பணியாளர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“வண்டி ரிப்பேருங்களா?”

“இல்லையே. அலங்காரம் பாக்கறோம்.”

பணியாளர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “அது அலங்காரம் இல்லைங்க. நேரா ரோடு தோண்டியிருக்கு. வலப்பக்கம் போங்கன்னு அம்பு போட்டிருக்கோம்.”

மனைவி சிரித்தாள். (சிரித்தாள் என்பது போதாது. பேத்தியின் தோளில் சாய்ந்து, இருமி, கண்ணைத் துடைத்து, “தொழில் தெரிஞ்சவன்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.) பிறகு, “வலப்பக்கமே போகலாமே. அந்தத் தெருவுக்குத்தான் நான் கிளம்பினதுலேருந்து சொல்லிட்டிருக்கேன்” என்றாள்.

“பாத்த வரைக்கும் போதும். வண்டியைத் திருப்பு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

இதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

4

மாற்று முடிவு, அ: அவர் ரோஷத்தை விழுங்குகிறார். கார் வலப்பக்கம் திரும்புகிறது. தெரு முழுக்க

தெரு முழுக்க என்ன? அவர் அந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை.

மாற்று முடிவு, ஆ: அன்றைக்கே அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

(நாற்பது வருஷத்தில் நடக்காதது. வாசகர் நம்பமாட்டார்.)

5

நிஜத்தில், வீடு வரும் வரை அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஏதோ கிசுகிசுப்பு. என்னவென்று நேற்றுதான் தெரிந்தது.

“தாத்தா, இந்த வருஷமும் அந்தப் பச்சை யானை இருக்குமா?”

“எந்த யானை?”

“வலப்பக்கத் தெருவுல. மாடியிலேருந்து தும்பிக்கையை நீட்டிட்டு நிக்குமே, லைட்டு யானை. போன வருஷம் பாத்தோமே. நீங்க தூங்கிட்டீங்கன்னு பாட்டி சொன்னாங்க.”

பேத்தி அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“தெருவைப் பாக்கலைன்னு அவன் அழுதான். பாட்டி அவன் காதுல யானைக் கதை கட்டிச் சொல்லிட்டே வந்தாங்க, அப்படியே தூங்கிட்டான். நிஜமாவே பாத்ததா நெனச்சிட்டிருக்கான். நீங்க உளறிடாதீங்க தாத்தா.”

“நாளைக்கு அங்க போனா யானை இருக்காதே.”

“தெரியும். போகலைன்னா, மறுபடியும் நீங்கதான் தடுத்தீங்கன்னு ஆகும்.”

பத்து வயது. யாருடைய பேத்தி என்று விசாரிக்கவே வேண்டாம்.

ஆக, போனால் மனைவி பேரனுக்குக் கொடுத்த யானை போய்விடும். போகாவிட்டால், அவள் கேட்ட தெருவை அவர் இரண்டாம் தடவையும் மறுத்ததாகும். முப்பத்தெட்டு வருஷம் வயரிங் செய்தவர், யானையை அவரே செய்து மாட்டலாமே என்று நீங்கள் நினைக்கலாம். முன்பின் தெரியாதவர் வீட்டு மாடியில் ஒரே நாளில் பச்சை யானை ஏற்ற எந்தக் கதையிலும் அனுமதி கிடைக்காது.

6

மணி ஆறரை. கீழே ஹார்ன்.

“எழுதிட்டு வந்துடறேன்.”

“கதை எங்கயும் ஓடிடாது. நீங்க வாங்கப்பா.”

நோட்டோடு இறங்கிவிட்டேன். மன்னிக்கவும், இறங்கிவிட்டார். அதே பெரிய சாலை, அதே முனை. தோண்டிய ரோட்டை எப்போதோ மூடிவிட்டார்கள். பேரன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருக்கிறான். பேத்தி என் பின்மண்டையை முறைக்கிறாள் என்பது திரும்பாமலே தெரிகிறது.

“எந்தப் பக்கம்ப்பா?” என்கிறாள் மகள்.

வாசகரே, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வலப்பக்கம் திரும்பினால் யானையும் உங்கள் பொறுப்பு. பிளக் பாயின்ட் எங்கே வைப்பது என்று மட்டும் கேளுங்கள், சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போன வருஷம், காலை நீட்ட இடமில்லை என்று மனைவி என் இருக்கையை இன்னும் முன்னால் தள்ளச் சொன்னாள். அது அதே இடத்தில்தான் இருக்கிறது. என் முட்டி இடிக்கிறது.