கூடுதலாக ஒரு கால்

பொத்தானை அழுத்தியதும் உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. ஒரு மூச்சு விட்டு மறுபடி அரைச் சுற்று. தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் விக்கிக்கொண்டிருப்பவனைப் போல அது பாட்டுக்குச் செய்துகொண்டே இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் மனைவி திரைப் பக்கம் திரும்பவே இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவள் அவள். தரையில் சம்மணமிட்டு, பக்கவாட்டு மூடி கழற்றிய சிபியு பெட்டியின் மேல் காதைச் சாய்த்து வைத்திருந்தாள்.

"பீப் வரல," என்றாள். எல்லாம் சரியாக இருந்தால் கிளம்பும்போது பெட்டி ஒரு தடவை 'பீப்' என்று சொல்ல வேண்டும்.

"திரையிலயும் ஒண்ணும் வரல."

"திரையை விடுங்க. பீப்பே வராதப்ப திரை எங்கேருந்து வரும்?"

கையை நீட்டிச் சுவர் ஸ்விட்சை அணைத்தாள். விக்கல் நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. எதிர் வீட்டில் யாரோ வாளியை உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அவளுக்கு வேலை ஒரு ஆஸ்பத்திரிக்கு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, வீட்டிலிருந்தே அறிக்கையாகத் தட்டச்சு செய்து கொடுப்பாள். வாயில் எதையாவது மென்றுகொண்டே பேசுகிற டாக்டரின் சொல்லும் அவளுக்குப் பிடிபடும். அவள் தட்டுவதைக் கம்ப்யூட்டர் திரும்பப் படித்துக் காட்டும். அந்தக் குரலின் வேகம் இருக்கிறதே, கல்யாணமான புதிதில் நான் ஏதோ மெஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போல இருக்கும். அவளுக்கோ அது சாவகாசமான பேச்சு.

அந்தக் குரல் கொஞ்ச நாளாகத் தடுமாற ஆரம்பித்திருந்தது. எழுத்தைத் தட்டினால் சற்றுப் பொறுத்துத்தான் பதில் வந்தது. பெட்டிக்கு வயதாகிவிட்டது. புதிதாக மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்றிவிடலாம், மற்றதெல்லாம் பழசே போதும் என்று அவளே முடிவு செய்தாள். எது எதோடு சேரும் என்று அவளே விசாரித்து, அவள் சம்பாத்தியத்தில் வரவழைத்தாள். கூட வந்த விளக்கப் புத்தகத்தைப் போனைப் படிக்கச் சொல்லி, அடுப்படியிலும் துணி மடிக்கும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டு கேட்பது மாதிரி.

கடையில் கொடுக்கலாமே என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். போன முறை ஏதோ பழுதுக்குக் கடையில் கொடுத்தபோது, இந்தச் சத்தம் எதற்கு என்று அந்தக் குரலையே எடுத்துவிட்டு அனுப்பினார்கள். அழகாக இருக்கட்டும் என்று திரையில் ஒரு அருவிப் படத்தை வேறு போட்டிருந்தார்கள். பெட்டி வீட்டுக்கு வந்ததும் ஆசையாகப் பொத்தானை அழுத்தினாள். அது வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும் வரைக்கும் அந்த ஊமைப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். "அருவி ரொம்ப நல்லா இருக்குங்க," என்று நான் தெரியாமல் சொல்லித் தொலைத்தேன். அதற்கு அப்புறம் கடை என்ற பேச்சே வீட்டில் கிடையாது.

நான் பெயிண்டர். நிறம் பார்த்துப் பிழைக்கிறவன். ஒரு சுவரின் வெள்ளைக்கும் பக்கத்துச் சுவரின் வெள்ளைக்கும் வித்தியாசம் சொல்லுவேன். அந்தக் கண்ணில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன். முந்தின நாள் பாகங்களை மாற்றும்போது, "அந்த மஞ்சள் ஒயரைப் பிடி" என்றேன். "மஞ்சள்னா எனக்கு என்னங்க? தடியா ஒல்லியா, நுனி சதுரமா நீட்டமா, அதைச் சொல்லுங்க" என்றாள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவளே ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்த்து மாட்டினாள். பழைய போர்டு இருந்த இரும்புத் தட்டைத் துடைத்துப் புதுசைத் திருகி முடுக்குவது மட்டும் என் பங்கு. "தட்டு சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். "பளிச்சுனு இருக்கு" என்று சொன்னேன்.

இப்போது விக்கல்.

அவள் பதறவில்லை. உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும் என்று பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு உள்ளே கை விட்டாள். ரேம் துண்டுகளைப் பிடுங்கி, ஒன்றை மட்டும் கட்டைவிரல்களால் அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போடச் சொன்னாள். விக்கல். அடுத்ததை மாட்டினாள். விக்கல். மூலையில் பிராசஸருக்குப் போகும் தடி ஒயரைக் கழற்றி மாட்டினாள். பொத்தான் அளவு பேட்டரியை எடுத்து, சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து திரும்பப் போட்டாள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினாள். ஒவ்வொரு தடவையும் காதைச் சாய்ப்பாள், உதட்டைக் கடிப்பாள், அடுத்ததற்குப் போவாள். ஆஸ்பத்திரிக்கு மறுநாள் காலையில் அறிக்கை போயாக வேண்டும். இதுவரை ஒரு தடவைகூட அவள் தவணை தவறியதில்லை. 'பார்வை இல்லாத பொண்ணு, பாவம், லேட்டாகும்' என்று ஒருத்தர் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்பது அவள் வைராக்கியம்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "அண்ணன்," என்றாள், காதைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே.

மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் காரில் கற்பிப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பழக்க தோஷம், வேறு யார் காரில் போனாலும் அவர் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வரும். தங்கை விஷயத்திலும் அப்படித்தான். அவள் முதன்முதலாகத் தனியாகப் பஸ் ஏறக் கிளம்பிய காலத்தில், சொல்லாமல் பின்னாலேயே போவாராம். "செருப்புச் சத்தத்துலேயே தெரியும். பாவம் மனுஷன், தெரிஞ்சதாக் காட்டிக்க மாட்டேன்" என்பாள். அந்தக் கம்ப்யூட்டரை முதலில் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அவர்தான் எல்லாம்.

வாசலில் நின்றபடியே தரையைப் பார்த்தார். திருகுகள், ஒயர்கள், குடல் வெளியே கிடக்கும் பெட்டி, நடுவில் தங்கை.

"என்ன மாப்ள இது?"

"பாகம் மாத்தினோம் மச்சான். கிளம்ப மாட்டேங்குது."

"மாத்தினோமா?"

"நான்தான் மாத்தினேன்," என்றாள் அவள்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. கோபத்தைவிட அந்த இறங்கின குரல்தான் அவளுக்குப் பிடிக்காது. "பாப்பா, விடும்மா. கரன்ட் விஷயம். கையை எதுல வெக்கிறோம்னு தெரியாம... நான் வண்டியிலதான் வந்திருக்கேன். கொண்டு போய்க் குடுத்துட்டு, சரியாகலன்னா புதுசு ஒண்ணு வாங்கிட்டு வரேன்."

"கரன்டை அணைச்சுட்டுத்தான் கை வெக்கிறேன்."

"அதுக்கில்லடா."

"வேற எதுக்கு?"

அவர் எழுந்து, பெட்டியின் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கப் போனார். மனசுக்குள் எனக்கும் அவர் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. கொண்டுபோனால் தலைவலி விட்டது. ஆனால் பெட்டி தரையை விட்டு எழும்பிய சத்தம் கேட்டதும் என் மனைவியின் கை காற்றில் எழுந்து அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கை எதையும் பிடிக்க வரவில்லை. ஊமைப் பெட்டி முன்னால் அவள் உட்கார்ந்திருந்த சாயங்காலம் எனக்கு நினைவு வந்தது.

"இருக்கட்டும் மச்சான்," என்றேன். "கீழ வைங்க."

கல்யாணமானதிலிருந்து அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசியதில்லை. அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. மெதுவாகக் கீழே வைத்தார். போகவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, எதுவும் வெடித்தால் பாயலாம் என்பது போல நுனியில் உட்கார்ந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு," என்று அவள் தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். "ரேம் சரி. ஒயர் சரி. டிஸ்க் இல்லாமலும் விக்குது. அப்போ ஒண்ணு போர்டு செத்துப் பிறந்திருக்கணும். இல்லன்னா அது உக்காந்திருக்கற இடம் சரியில்ல." என் பக்கம் திரும்பினாள். "வீட்டை விட்டு வெளிய கூப்பிட்டுப் பாத்துருவோம். போர்டு வந்த அட்டைப்பெட்டி எங்க?"

திருகுகளைக் கழற்றி, பிராசஸரும் விசிறியுமாக அந்த மதர்போர்டை அவளே இரண்டு கையாலும் தூக்கினாள், கைக்குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி. அட்டைப்பெட்டி மேல் கிடத்தினாள். மின் ஒயரை மட்டும் இழுத்து மாட்டினாள். சுண்டைக்காய் அளவு சின்ன ஸ்பீக்கர் ஒன்று, பீப் சத்தத்துக்கென்றே வாங்கியது, அதையும் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துச் செருகினாள். போர்டு வெளியே கிடக்கும்போது ஸ்விட்ச் கிடையாது. பொத்தானுக்குப் போகிற இரண்டு ஊசிமுனைகளைத் திருப்புளியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால்தான் உயிர் வரும். நகத்தால் முனைகளை எண்ணி இடத்தைப் பிடித்துக்கொண்டாள். மச்சானின் வலது கால் தரையை அழுத்தமாக மிதித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா..."

"பேசாம இருண்ணா. எனக்குக் கேக்கணும்."

திருப்புளி நுனி தொட்டது. விசிறி சுற்றியது. நான் விக்கலுக்குக் காத்திருந்தேன். அது நிற்கவில்லை. ஒரே சீராக, பூனை குறட்டை விடுவது போல ஓடியது. பிறகு அந்தச் சுண்டைக்காய் ஸ்பீக்கர் ஒரே ஒரு தடவை, சின்னதாக, 'பீப்' என்றது.

அவள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. முதுகு நிமிர்ந்தது, அவ்வளவுதான்.

"போர்டு மேல தப்பில்ல," என்றாள். "வீட்லதான் தப்பு."

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காலிப் பெட்டியின் இரும்புத் தட்டில் விரல்களை ஓட விட்டாள். போர்டு இரும்பில் நேராகப் படக் கூடாது என்பதற்காகத் தட்டில் அங்கங்கே குட்டிக் குட்டிப் பித்தளைக் கால்கள் இருக்கும். போர்டிலுள்ள ஓட்டைகளுக்கு நேராக அவை நின்று அதைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு காலாகத் தொட்டாள், இன்னொரு கையால் போர்டின் ஓட்டைகளைத் தொட்டாள். இரண்டு கையும் இரண்டு இடத்தில் ஒரே நடையாக நடந்து வந்தன. ஓரிடத்தில் ஒரு கை நின்றது. மற்றதும் நின்றது.

"இங்க ஒரு கால் கூடுதலா இருக்கு. பழைய போர்டுக்கு இருந்தது. இதுக்கு இந்த இடத்துல ஓட்டையே இல்ல. போர்டோட முதுகுல குத்திக்கிட்டு நின்னிருக்கு. கரன்ட் அது வழியா இரும்புக்கு ஓடியிருக்கு."

முந்தின நாள் நான் துடைத்த கால்தான். நன்றாகப் பளபளத்தது. பார்த்தேன், வரிசையில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். "நான் பாத்தேனே," என்றேன். வேறு என்ன சொல்ல.

"பாத்தா அழகா வரிசையாத்தான் இருக்கும்," என்றாள். குரலில் குத்தல் இல்லை. அந்தக் காலை முறுக்கிப் பார்த்தாள், வரவில்லை. என் குறடோ நான் பெயிண்ட் அடிக்கும் வீட்டில் கிடந்தது.

"அண்ணா, உன் விரல்ல பலம் ஜாஸ்தி. இதைக் கழட்டு."

மச்சான் நாற்காலியை விட்டு இறங்கி மண்டியிட்டார். அவள் அவர் விரலைப் பிடித்து அந்தக் கால் மேல் கொண்டு வைத்தாள். அவர் மூச்சைப் பிடித்து முறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் அசைந்து, சுற்றிச் சுற்றி, கையோடு வந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது.

"இதுவா?" என்றார்.

"அதேதான்."

மறுபடி எல்லாவற்றையும் உள்ளே மாட்டினாள். இந்தத் தடவை திருகுகளையும் அவளே முடுக்கினாள். டிஸ்க், கீபோர்டு, ஸ்பீக்கர் என்று கேட்கக் கேட்க நானும் மச்சானும் எடுத்துக் கொடுத்தோம். பொத்தானை அழுத்தினாள். பீப். அப்புறம் ஒரு நீளமான மௌனம். டிஸ்க் மட்டும் உள்ளே கரகரத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் வரலையே," என்றார் மச்சான், திரையையே பார்த்துக்கொண்டு.

"டிஸ்க் புது போர்டுக்குக் குடிவந்திருக்கு. சாமான் எல்லாம் எங்க இருக்குன்னு பாக்க வேண்டாமா?"

"இல்ல பாப்பா, கருப்பாவே இருக்கு. போச்சுபோல..."

அந்த வார்த்தை முடிவதற்குள் ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்தது. குரல். பழையபடி, இல்லை, பழையதைவிட வேகமாக. அவள் ஒரு எழுத்தைத் தட்டினாள். விரல் எழும்புவதற்குள் பதில் வந்தது. இன்னொன்று தட்டினாள். ஒரு வரி முழுக்க அடித்தாள். இடையில் குரல் எங்கேயும் நின்று யோசிக்கவில்லை. அவள் பாட்டுக்கு டாக்டரின் பதிவைத் திறந்து வேலையில் இறங்கிவிட்டாள்.

திரை அப்போதும் கருப்பாகவே இருந்தது. மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அதன் ஒயர் சுவரோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. மச்சானும் எட்டிப் பார்த்தார். மாட்டலாம் என்று நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்து, "இருக்கட்டும் மாப்ள, அவ வேலையா இருக்கா" என்று மெதுவாகச் சொன்னார்.

டீ குடித்துவிட்டு அவர் கிளம்பினார். அவள் வேலையை நிறுத்திவிட்டு வாசல் வரை வந்தாள். வழக்கமாகத் தலையில் கை வைத்து "ஜாக்கிரதை" என்பார். அன்றைக்கு அவள் கையை எடுத்து, திருப்புளி பிடித்துச் சிவந்திருந்த உள்ளங்கையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துவிட்டு இறங்கிப் போனார்.

நானும் அவளும் பால்கனிக்கு வந்தோம். கீழே காரின் கதவைத் திறந்தவர், உள்ளே உட்காராமல் போனை எடுத்தார்.

"கிளம்பிட்டாரா?" என்றாள்.

"இல்ல. போன்ல பேசறார்."

"யார்கிட்ட?"

"அண்ணிகிட்டன்னு நினைக்கிறேன்."

காற்றில் அவர் பேச்சு துண்டு துண்டாக வந்தது. "...முழுசாப் பிரிச்சுட்டாடி, ஒண்ணு விடாம... யாரு, அவளேதான்... இல்ல இல்ல, கழட்டினது நான்தான், ஆனா கண்டுபிடிச்சது..." அவள் இரண்டு கைகளாலும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றார், சொல்லுங்களேன்."

மச்சான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நட்ட நடுத் தெருவில், எங்கேயோ வீட்டில் இருக்கும் தன் மனைவிக்கு அந்தப் பித்தளைக் கால் எவ்வளவு சின்னது என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்த அளவு அவருக்கே பெரிதாகப் பட்டதோ என்னவோ, விரல்களை இன்னும் கொஞ்சம் நெருக்கினார்.