தண்ணீர் வாங்கிய கை

"ஏய்யா, அந்தப் படியில கொஞ்சம் உக்காரேன். ஒன் முட்டி வீங்கிக் கெடக்கு" என்றேன். என் வீட்டுக்காரர் ஃபெர்மீன் காதில் வாங்கவில்லை. கூட்டத்துக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குருத்தோலை ஞாயிறன்று செவியாவில் உட்கார இடம் கிடைப்பதற்குள் மோட்சமே கிடைத்துவிடும். ஸ்பெயின் முழுக்கத் திரண்டு வந்து இந்த ஒரு தெருவில்தான் நிற்கிறதோ என்னவோ. நேற்று எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து நடைதான். ஊருக்குள் அறை எடுக்கக் கட்டுப்படியாகாமல் எங்கோ ஒரு கோடியில் படுத்தோம். பக்கத்து அறைக்காரன் குறட்டையில் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. புதுச் செருப்பு வேறு கடிக்கிறது. ஆரஞ்சுப் பூ வாசனையை எல்லோரும் ஆஹா என்கிறார்கள். எனக்குத் தலைவலிதான் வந்தது.

இத்தனைக்கும் சாவு விழுந்தால் மட்டுமே கோயில் வாசலை மிதிக்கிற மனுஷன் இவர். போன மாதம் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "இந்த வருஷம் திருவிழாவுக்குச் செவியா போவோமா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் மகன் தாமியான் இந்த ஊரில்தான் இருக்கிறான். மாதாவின் சப்பரம் சுமக்கிறான்.

அப்பாவும் பிள்ளையும் பேசி இரண்டு வருஷமாகிறது. மகளின் கல்யாண விருந்தில் தங்கையை வாழ்த்திப் பேசத் தாமியான் கோப்பையோடு எழுந்தான். அவனுடைய சொந்தக் கல்யாணம் முறிந்திருந்த நேரம். இவருக்குக் குடி கொஞ்சம் ஏறியிருந்தது. "ஒரு பொண்டாட்டியோட குடும்பம் நடத்தத் தெரியல, வாழ்த்த வந்துட்டான்" என்று ஊரே கேட்கச் சொல்லிவிட்டார். பிள்ளை கோப்பையை வைத்துவிட்டுப் போனவன்தான். போனை இவர் எடுத்தால் "அம்மா இருக்காங்களா" என்பான். இவரும் போனை மேஜையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். நடுவில் கிடந்து நான் அலுத்துப்போனேன்.

நாங்கள் வருவதை நான்தான் அவனிடம் சொன்னேன். "வரட்டும்மா. நான் அடியில இருப்பேன். அவருக்குக் காலுதான் தெரியும்" என்றான். அதுவும் சரிதான். சப்பரத்தைச் சுற்றி வெல்வெட் திரை கணுக்கால் வரை தொங்கும். உள்ளே சுமக்கிறவர்களின் வெள்ளைச் செருப்புகள் மட்டும் வெளியே தெரியும். முகம் பார்க்காமல் பார்த்துக்கொள்ள இவர்களுக்கு இதைவிடத் தோது ஏது?

மேளச் சத்தம் கேட்டதும் இவர் முன்னால் நுழையப் பார்த்தார். பச்சைச் சட்டை போட்ட ஒருத்தி முழங்கையால் மறித்தாள்.

"எங்க போறீங்க பெரியவரே? மத்தியானத்துலேர்ந்து நிக்கிறோம், எங்களப் பாத்தா மனுஷங்களாத் தெரியலையா?"

"என் பையன் உள்ள இருக்கான்" என்றார் இவர்.

இரண்டு வருஷத்தில் 'என் பையன்' என்று அவர் வாயால் கேட்டது அப்போதுதான்.

"அதை மொதல்ல சொல்ல வேண்டியதுதானே. டேய், தள்ளுங்கடா, பையனப் பெத்தவரு வர்றாரு."

கூட்டம் விலகியது. சப்பரம் எங்கள் முன்னாலேயே இறங்கியது. மேளம் நின்றது. திரைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு தண்ணீர் கேட்டது. மற்றவர்கள் அசைவதற்குள் ஃபெர்மீன் அந்த வீங்கிய முட்டியைக் கல்தரையில் ஊன்றி மண்டியிட்டுத் தன் பாட்டிலைக் கொடுத்தார். கை அதை உள்ளே இழுத்துக்கொண்டது. இவர் திரையிடம் பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்புடா. சபையில வச்சுப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

காலி பாட்டில் வெளியே வந்தது. அந்தக் கை இவர் விரல்களை ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனது.

"கையப் புடிச்சான், பாத்தியா?" என்று என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். "கட்டைவிரல் அப்படியே எங்கப்பாவோடது."

பாத்தேன் என்று சொல்லப்போனவள் எதற்கோ திரும்பியபோதுதான், எனக்குப் பின்னால் மருந்துக்கடை வாசலில் தாமியான் நிற்பதைக் கண்டேன். தலையில் சும்மாட்டுத் துணி. சுமக்கிறவர்கள் இரண்டு கூட்டம். ஒரு கூட்டம் உள்ளே இருந்தால் மற்றது தன் முறை வரும்வரை தெருவோடு நடந்து வரும். இவருக்கும் அது தெரியும். அந்த நேரத்தில் நினைவில்லை. எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் பிள்ளை நின்றான். எல்லாம் கேட்டிருக்கிறான் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

தூக்கச் சொல்லி முன்னால் சுத்தியலைத் தட்டினார்கள். சப்பரம் எழும்பி நகர்ந்தது. இவர் காலை இழுத்து இழுத்து, அந்த வெள்ளைச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே கூடவே நடந்தார். பின்னால் அவன். அவனுக்கும் பின்னால் நான். முனையில்தான் ஆள் மாற்றுவார்கள். கை கொடுத்தது பிள்ளை இல்லை என்று அங்கே இவருக்குத் தெரிந்துவிடும்.

முனையில் சப்பரம் மறுபடி இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் வியர்வையில் நனைந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஃபெர்மீன் காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி ஆளும் வந்தாயிற்று. திரை விழுந்தது. இவர் அப்படியே நின்றார்.

"அப்பா, கொஞ்சம் வழி விடுங்க" என்றான் தாமியான், அவர் முதுகுக்குப் பின்னால்.

இவர் திரும்பினார். அவனைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். குனிந்து திரையைத் தூக்கிப் பிடித்தார். சும்மாட்டைப் புருவம் வரை இழுத்து விட்டுக்கொண்டு அவன் தலை தாழ்த்தி உள்ளே போனான். அவன் குதிகாலும் மறைந்துவிட்டது. இவர் திரையைப் பிடித்த கையை இன்னும் விடவில்லை.