கேட்டு வாங்கிய நெருப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஞானப்பூ உரசிய தீக்குச்சிகளில் ஒன்றுகூடப் பற்றவில்லை. பெட்டியே ஊறிப்போயிருந்தது, குச்சியின் மருந்து விரலில் களிம்பாக ஒட்டியதுதான் மிச்சம். மழை தொடங்கியதிலிருந்து மின்சாரம் இல்லை. மாதம் ஒருமுறை ஹட்டனிலிருந்து வரும் போதகர் இன்றைக்குத்தான் வருகிறார். ஆலயப் பீடத்தின் மேல் இரண்டு மெழுகுவத்திகளும் திரி கருகாமல் நின்றன. அடுப்பிலாவது தணல் கிடக்கும் என்று பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கூரை ஒழுகி, அடுப்பு முழுக்கச் சாம்பல் குழம்பு. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மழைக்கு ஆலயத்தில் ஒதுங்கியிருக்கும் கீழ் லயத்து வரிசைவீட்டுச் சனம் முழுவதற்கும் இந்த அடுப்பில்தான் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். இடுப்பு கழன்றுவிட்டது, கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். இப்போது இதை வேறு மறுபடி மூட்ட வேண்டும்.

ஆலயத்துக்குள் எரிந்துகொண்டிருந்த நெருப்பு ஒன்றே ஒன்றுதான். வாசலை ஒட்டிய சின்ன அறையில், போதகர் அங்கி மாற்றும் இடத்தில், சுவர்த்தட்டின் மேல் மாரியம்மன் கரகம் இருந்தது. அதன் முன்னால் ஒரு பித்தளை விளக்கு. பக்கத்தில் சாக்கை விரித்து அழகன் உட்கார்ந்திருந்தான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அவன் வலது கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. அம்மன் திருவிழாவுக்குக் கட்டிய காப்பு.

"அழகண்ணே, தீப்பெட்டியெல்லாம் நமுத்துப் போச்சு. இதுல கொஞ்சம் பத்த வச்சிக்கிடவா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அழகன் நகர்ந்து வழிவிட்டான்.

"எடுத்துக்குங்க உபதேசியாரம்மா. எடுத்தா கொறஞ்சா போயிரும்?"

ஒரு துண்டு மெழுகுவத்தியில் அந்த நெருப்பை வாங்கிக்கொண்டு, கையால் மறைத்தபடி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, பீடத்தில் இருந்த இரண்டையும் ஏற்றினாள். அடுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று துண்டை ஊதி அணைத்துவிட்டாள்.

கீழ் லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடித்தது போன வாரம். கிராம சேவகர் வந்து பார்த்துவிட்டு, உடனே எல்லாரும் வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்றார். எங்கே போவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் வேறொரு தோட்டத்துச் சனத்தால் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மேட்டில் பாறைமேல் நிற்கிற கட்டடம் இந்தச் சின்ன ஆலயம் ஒன்றுதான். சட்டி பானையும் பிள்ளைகளுமாக அவர்கள் ஏறி வந்தபோது, கடைசியாக வந்தவன் அழகன். மாரியம்மன் கோயிலும் அந்த வெடித்த மண்மேட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கரகத்தை விட்டுத் தள்ளிப் படுக்கக் கூடாது. முதல் நாள் ஏற்றிய விளக்கை அணைய விடக் கூடாது. தலையில் கரகம், கையில் வாளி, வாளிக்குள் எரிகிற விளக்கு. குடையை வாளிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்து நின்றான்.

"சாமிய வெளிய வச்சிட்டு நான் மட்டும் உள்ள வர ஏலாதும்மா," என்றான். "தாவாரத்துல ஒரு மூலை இருந்தாக்கூடப் போதும்."

தாவாரத்தில் சாரல் அடித்தது. ஞானப்பூ அந்தச் சின்ன அறையைத் திறந்துவிட்டாள். பெரிய மனசு என்றெல்லாம் சொல்வதற்கில்லை. அவளுக்குத் தூக்கம் வந்தது, மழை பெய்தது, அறை சும்மா கிடந்தது. அவள் புருஷன், இந்த ஆலயத்து உபதேசியார், உயிரோடு இருந்திருந்தால் வேதத்திலிருந்து நாலு காரணம் எடுத்துச் சொல்லியிருப்பார். அவளுக்குச் சாவி இருந்த இடம் மட்டும்தான் தெரியும். அதற்காக அவளுக்கு எரிச்சலே வரவில்லை என்றும் இல்லை. பிள்ளைகள் மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கின. யாரோ பூச்சட்டியில் வெற்றிலை துப்பியிருந்தார்கள். கோபத்தில் கத்துவாள், பிறகு சோறு போடுவாள்.

ஆலயக் கமிட்டிச் செயலாளர் ஜெயசீலன் சனிக்கிழமைதான் வந்து பார்த்தான். தேயிலை பெக்டரியில் கணக்கு எழுதும் கிளாக்கர். சின்ன அறையை எட்டிப் பார்த்தவன் கதவை மெதுவாகச் சாத்தினான்.

"அக்கா, நான் ஆள்களுக்கு எடம் குடுக்க வேணாம்னு சொன்னேனா? சோறு போட வேணாம்னு சொன்னேனா? சாமிய ஏன் உள்ள வச்சீங்க?"

"மழை, தம்பி."

"நாளைக்கு ஐயா வர்றாரு. ஆராதனை முடிஞ்சதும் கூட்டம். உங்களுக்குப் பின்பக்கத்து அறையக் குடுத்ததே கமிட்டிதான். ஆலயத்தப் பாத்துக்குவீங்கன்னுதான் குடுத்தது. மத்தவங்க கேட்டா நான் என்னா பதில் சொல்றது?"

அவன் கெட்டவன் அல்ல. உபதேசியார் செத்த அன்றைக்குச் சவப்பெட்டி வாங்க நுவரெலியா வரைக்கும் ஓடியவன். அதனால்தான் ஞானப்பூவுக்குப் பயம் வந்தது. கெட்டவன் சொன்னால் சண்டை போடலாம். ஆலயத்தின் பின்னால் இருக்கும் அந்த ஒற்றை அறை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. மகள் ஷாமிலா வத்தளையில் புருஷனோடும் மாமியாரோடும் ஒரே அறையில் இருக்கிறாள். வா என்று கூப்பிடுவாள்தான். போனால் எங்கே படுப்பது என்றுதான் தெரியவில்லை.

போதகர் சேறு முழங்கால்வரை ஏற, சந்தியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். சின்ன வயது. சின்ன அறையில் அங்கி மாற்றப் போனவர் கரகத்தைப் பார்த்தார், அழகனைப் பார்த்து, "சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டார், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அங்கியை மாட்டிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஞானப்பூ தன் வழக்கப்படி வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கீழ் லயத்து ஆண்கள் தங்கள் காம்பரா வீடுகளில் விட்டுவந்த சாமான்களைப் பார்க்கப் போயிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் மழைக்கு வேறு எங்கே போவார்கள்? பின்பக்கம் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுகளின் முதுகில் ஈரத்துணி தொங்கியது. சாம்பிராணி வாடை தாங்காமல் ஜெயசீலன் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டான். முதல் பாட்டு முடிவதற்குள் காற்று வந்து பீடத்து மெழுகுவத்தியில் ஒன்றை அணைத்தது.

பிரசங்கத்தின் நடுவில் அழகன் கதவோரம் வந்து குனிந்தான். காப்புக் கட்டியவன் உச்சி வேளைக்கு முன் மறுபடி குளிக்க வேண்டும். மலையிலிருந்து பீலித் தண்ணீர் விழுகிற இடம் சரிவுக்குக் கீழே இருக்கிறது.

"வெளக்கப் பாத்துக்குங்கம்மா. ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துர்றேன்."

அவள் தலையாட்டினாள். போதகர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. பாதி தூங்கினாள், மீதியில் வத்தளை அறையில் எந்த மூலையில் பாய் போடலாம் என்று அளந்துகொண்டிருந்தாள். ஆசீர்வாதம் சொல்லி முடிந்ததும் ஜெயசீலன் எழுந்து, சபையார் அப்படியே இருக்க வேண்டும், ஒரு விசயம் பேச வேண்டும் என்றான். ஞானப்பூ எழுந்தாள்.

ஆராதனை முடிந்தால் உள்ளே ஒரு பொறிகூட இருக்கக் கூடாது என்பது உபதேசியார் வைத்துவிட்டுப் போன சட்டம். ஒருமுறை திரைச்சீலை பற்றியதிலிருந்து வந்த பயம். பால் டின்னை வெட்டிக் குச்சியில் செருகி, நெருப்பை அணைக்க ஒரு குப்பி செய்து கொடுத்திருந்தார். வழக்கமாக வாசல் அறைத் தட்டின்மேல் இருக்கும் மெழுகுவத்தியை முதலில் அணைத்து, அப்புறம் நடந்துபோய்ப் பீடத்தில் இருப்பதை அணைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வேலையைக் கைதான் செய்கிறது, அவள் செய்வதில்லை. இன்றைக்கும் கை குப்பியை எடுத்தது. அறைக்குள் நுழைந்தது. தட்டின்மேல் சுடர் எரிந்தது. கை குப்பியைக் கவிழ்த்தது.

குப்பியைத் தூக்கியபோது மெழுகு வாடை வரவில்லை. எண்ணெய்த் திரி கருகிய வாடை வந்தது.

 கரகத்து வேப்பிலையைத் தாண்டி ஒரு நூல் புகை மேலே போனது. ஊதினால் திரும்பிப் பற்றாதா என்று குனிந்து ஊதியும் பார்த்தாள். திரி நுனியில் இருந்த சிவப்பும் போய்விட்டது.

ஈர வேட்டியோடு அழகன் அறையின் வெளிக்கதவில் நின்றான். தண்ணீர் சொட்டியது. அவன் விளக்கைப் பார்த்தான். அவள் கையில் இருந்த குப்பியைப் பார்த்தான்.

"நான்தான் அணைச்சேன் அண்ணே," என்றாள். "பழக்கத்துல. வேணும்னு இல்ல. எனக்குக் கண்ணு... தூக்கமே இல்ல அண்ணே."

அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். காப்புக் கயிற்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"நான் பாத்தேனே."

"அது இல்லம்மா." அவன் குரலைத் தாழ்த்தினான். "லயத்துல மேடு சரிஞ்சாலும், புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், இனி இதத்தான் சொல்லுவாங்க. சர்ச்சுக்கார அம்மா வெளக்க அணைச்சிட்டாங்கன்னு சொல்லுவாங்க. உங்க சோத்தத் தின்னுக்கிட்டே சொல்லுவாங்க. எனக்குத் தெரியாதா எங்க சனத்த?"

உள்ளே ஜெயசீலனின் குரல் கேட்டது. மூத்த சகோதரி, அனுதாபம், ஆனாலும் பரிசுத்த ஸ்தலம் என்று துண்டுதுண்டாக வந்தது. அழகனும் அதைக் கேட்டான். பேசப்படுவது யாரைப் பற்றி என்று அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தினான்.

"வேற தீப்பெட்டி கொளுத்தி ஏத்தக் கூடாதும்மா. மொத நாளு ஏத்துன நெருப்புதான் இருக்கணும். காலையில நீங்க ஒண்ணு எடுத்தீங்களே. அது இருக்கா?"

அவள் உள்கதவைத் தள்ளிப் பார்த்தாள். ஆலயத்தின் அந்தக் கோடியில், சிலுவைக்குக் கீழே, ஒற்றை மெழுகுவத்தி காற்றில் படுத்து எழுந்துகொண்டிருந்தது.

"நான் வந்து எடுத்துக்கலாமா? ஈரத்துணி..."

"நீங்க வர வேணாம்," என்றாள் ஞானப்பூ. "இருங்க."

பெஞ்சுகளுக்கு நடுவே அவள் நடந்தபோது ஜெயசீலன் பேச்சை நிறுத்தவில்லை. கையில் குப்பியைப் பார்த்தவன், வழக்கம்போல அணைக்கப் போகிறாள் என்று நினைத்து, ஒதுங்கிக்கூட நின்றான். அப்படியே போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் என்ன என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. ஒரு கவிழ்ப்பு. கூட்டம் மன்னித்தாலும் மன்னிக்கும். அழகன் யாரிடமும் சொல்ல மாட்டான். குப்பியைப் பீடத்தின் மேல் வைத்தாள். மெழுகுவத்தியைத் தண்டோடு தூக்கினாள்.

"அக்கா?" என்றான் ஜெயசீலன்.

போதகர் நாற்காலியில் இருந்து பாதி எழுந்தார். "என்னம்மா இது?"

"இது அவங்க நெருப்பு ஐயா." மெழுகுவத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "காலையில நமக்கு நெருப்பு இல்லாம கேட்டு வாங்குனேன். இதுலதான் நாம ஆராதனை செஞ்சோம். இப்ப அவங்களோடத நான் அணைச்சிப்புட்டேன். திருப்பிக் குடுக்கணும்."

 ஆராதனைக்கு ஏற்றிய மெழுகுவத்தியைச் சபையார் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பின்னால் தரையில் இருந்த பெண்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மறைக்க இனி எதுவும் இல்லை. அறை போகும், பேர் போகும், இரண்டு பக்கமும் போகும் என்று நினைத்தபோது, அவளுக்கு ஏனோ களைப்புதான் முதலில் வந்தது. சீக்கிரம் கொடுத்துவிட்டு எங்காவது உட்கார வேண்டும்.

இடது கையைக் குவித்துச் சுடரை மூடிக்கொண்டு இறங்கினாள். இரண்டு அடி வைப்பதற்குள் காற்று அடித்தது. சுடர் நீலமாகச் சுருங்கி, மறுபடி நிமிர்ந்தது. உருகிய மெழுகு விரலில் விழுந்தது; விடவில்லை. பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. தரையில் இருந்த கிழவி அம்மாக்கண்ணு எழுந்து, தன் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். அந்த முகத்தில் இருந்தது கோபமா வேறு எதாவதா என்று தெரியவில்லை. போதகர் பீடத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். அப்புறம் ஒன்று, அதற்கப்புறம் இன்னொன்று. ஆலயம் இருட்டிக்கொண்டே வந்தது.

ஒரே ஒரு ஜன்னல் மிச்சம் இருந்தது. சாரல் அதன் வழியாகத்தான் வந்தது. அதற்கும் அவளுக்கும் நடுவில் ஜெயசீலன் வந்து நின்றான். ஞானப்பூ நிற்கவில்லை. நின்றால் அணைந்துவிடும். கை சுட, சுடரை மட்டும் பார்த்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தாள். வாசற்படியில் அழகன் அணைந்த விளக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்து நின்றான். ஜெயசீலனின் கை ஜன்னல் கதவை நோக்கி உயர்ந்தது.